பொன்னுருக்கலுக்குப் பிறகு

மே 12, வெள்ளி

பெயிண்ட் கடைக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி இது. நாலு மாதமாக வேலைப் பையின் அடியில் கிடந்து, ஓரமெல்லாம் பிரைமர் பட்டு வெள்ளையாகிவிட்டது. இன்று துசாதான் எடுத்துத் துடைத்து என் கையில் வைத்தாள்.

"அண்ணா, உனக்குச் சொன்னது ஒண்டும் மண்டையில நிக்காது. கலியாணம் முடியிற வரைக்கும் எண்டாலும் இதில எழுதி வை."

சரி, எழுதுகிறேன். என் ஒரே தங்கை துசாந்தினிக்கு ஜூன் முதல் தேதி கலியாணம். மாப்பிள்ளை சுகிர்தன், இதே அகதி முகாமில் நாலாவது லைன். நாங்கள் ஆறாவது லைன். இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அங்கே குடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பழகிய காதல்தான்.

மண்டபம் வேண்டாம், எல்லாம் நாங்களே செய்வோம் என்று துசா சொல்லிவிட்டாள். முகாம் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் தகரக் கொட்டகை. சமையல் லைன் பெண்கள். மேளம் ஸ்பீக்கரில். படம் எடுப்பது மாப்பிள்ளையின் சிநேகிதர்கள், ஃபோனில். மணவறை என் பொறுப்பு. ஐயருக்குப் பதில் சிவஞானம் அண்ணை. காலையும் மாலையும் கோயிலில் பூசை வைக்கும் மனிதர், நடுவில் என்னோடு சாரத்தில் நின்று சுவருக்குப் பட்டி பார்ப்பார். கலியாண மந்திரம் தெரியுமா என்று கேட்டேன். "தேவாரம் தெரியும். அது காணும்," என்றார்.

அப்பா இல்லாத வீட்டில் எல்லாம் என் தலையில்தான் விடியும். அப்பா இல்லாத என்று எழுதிவிட்டேன், இந்தக் கைக்குச் சூடுதான் போட வேண்டும். அப்பா இருக்கிறார், இலங்கையில், செட்டிகுளத்தில். தொண்ணூறில் அம்மாவையும் என்னையும் படகில் ஏற்றி இங்கே கொண்டுவந்த மனிதர், எட்டு வருடத்துக்கு முன்னால் காணியை மீட்கிறேன் என்று தனியாகத் திரும்பிப் போனார். காணியும் வரவில்லை, அவரும் வரவில்லை. கலியாணத்துக்கு வருகிறார்.

மே 14, ஞாயிறு

ஞாயிறு என்றால் அப்பாவின் வீடியோ அழைப்பு. அம்மா குளித்து, பெரிய பொட்டு வைத்து, ஃபோனுக்கு முன்னால் சட்டமாக உட்காருவார். உட்கார்ந்ததும் சண்டை தொடங்கும்.

"விசா குத்தியாச்சு, பாருங்கோ," என்று அப்பா பாஸ்போர்ட்டைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்து காட்டினார். இருபத்தொன்பதாம் தேதி திருச்சிக்கு வந்து இறங்குகிறார்.

"வந்து இறங்கினாப் பிறகு சொல்லுங்கோ. உங்கட வாய்ச் சொல்லை நம்பி எட்டு வருசம் போச்சு," என்றார் அம்மா.

"மகளைத் தாரை வார்க்க நான் வராம வேற ஆர் வாறது?"

அம்மா முந்தானையால் ஃபோனைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அப்பா கொஞ்சம் மெலிந்திருக்கிறார்.

மே 17, புதன்

சைட்டில் மிச்சமான பிளைவுட் கேட்டேன், மேஸ்திரி கொடுத்துவிட்டார். மணவறைக்குப் பின்பலகை அறுத்தாயிற்று. நிறத்தில்தான் தகராறு. எனக்கு மஞ்சளும் அரக்கும். துசாவுக்கு வெளிர் ஊதா வேண்டுமாம்.

"ஊதா அடிச்சா பல் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்," என்றேன்.

"இருக்கட்டும். எனக்கு ஊதாதான்."

முப்பது வயதில் கலியாணம் செய்கிறவளோடு நிறத்துக்கு மல்லுக்கட்டக் கூடாது. ஊதா.

மே 19, வெள்ளி

கையால் எழுதிய அழைப்பிதழ் எண்பது முடிந்தது. விரல் மரத்துப் போயிற்று.

மே 22, திங்கள்

இன்று பொன்னுருக்கல். எங்கள் வழக்கத்தில் தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து, எல்லோர் கண் முன்னாலும் உருக்க வேண்டும். டவுனிலிருந்து நகை செய்யும் பத்தரைக் கூட்டி வந்தேன். அவருக்கு இது பிடிபடவே இல்லை. "கடையில உருக்குனா ஆகாதாங்க? இந்தத் தகரத்துக்குக் கீழ ஊதுலைய வச்சு எதுக்குங்க இந்தப் பாடு?" என்று கேட்டுக்கொண்டே ஊதினார். பவுன் உருகி உருண்டு நின்றதும் வாயை மூடிக்கொண்டார். அவருக்கே பார்க்கப் பிடித்திருந்தது.

பொன்னுருக்கினால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. அதன் பிறகு பொம்பிளையும் மாப்பிள்ளையும் தாலி கட்டும் வரை முகம் பார்க்கக் கூடாது. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் பத்து நாள் எப்படிப் பார்க்காமல் இருப்பது? லைன் பெண்கள் கூடிப் பேசி, காலை ஆறிலிருந்து ஏழு வரை துசாவுக்கு, ஏழுக்குப் பிறகு சுகிர்தனுக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். சுகிர்தன் ஆறே முக்காலுக்கே வந்து வேப்ப மரத்துக்குப் பின்னால் நிற்பான் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் அம்மா பவளம் மாமி என்னைத் தனியே கூப்பிட்டார். "கேதீசன், பொன்னுருக்கியாச்சு. இனி ஒரு குறையும் வரக் கூடாது. நான் பழசைப் பேசேல்லை. ஆனா என்ர வீட்டுக்குள்ள வாற பிள்ளை, உனக்கு விளங்கும்தானே."

விளங்கும். நாலு வருடத்துக்கு முன்னால் துசாவுக்கு வேறொரு முகாமில் நிச்சயமாகி, பொன்னுருக்கிய மூன்றாம் நாள் அந்தப் பையனின் தாத்தா செத்துப்போனார். எண்பத்தேழு வயது மனிதர். கலியாணம் நின்றது, பிறகு இல்லாமலே போயிற்று. ராசியில்லாதவள் என்று ஒரு பெயர் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மாமியைச் சம்மதிக்க வைக்கவே சுகிர்தன் ஒன்றரை வருடம் பட்டினி, கோபம், கண்ணீர் என்று எல்லா வித்தையும் காட்டினான். இன்னொரு சாவு விழுந்தால் பிள்ளையாரே வந்து சொன்னாலும் துசாவுக்கு இனிக் கலியாணம் இல்லை.

மே 24, புதன்

காலை பத்து இருபது. சாரத்தில் நின்றிருந்தேன். சித்தப்பாவின் மகன் நிரோசன் ஃபோனில் அழைத்தான். அப்பா அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

"கேதீஸ் அண்ணை. பெரியப்பா போயிட்டார்."

எங்கே என்று கேட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

விடியக் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நிரோசன் அழுதுகொண்டே கேட்டான். "நாளைக்கு எடுக்கிறம். கொள்ளி நீங்கள்தான் வைக்க வேணும். பாஸ்போட் இல்லாம நீங்கள் வரேலாது. நீங்கள் சொன்னா நான் வைக்கிறன்."

வை என்றேன். பிறகு, வேறு ஒருவருக்கும் சொல்லாதே என்றேன். இங்கே ஒருவருக்கும் தெரியக் கூடாது, கலியாணம் முடியட்டும், நாலாம் நாள் சடங்கும் முடியட்டும், அன்றைக்குச் செத்ததாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவன் "சரி அண்ணை" என்று வைத்துவிட்டான். அங்கே எங்கள் வீட்டுச் சனம் அவர்கள் மட்டும்தான். இந்த முகாமில் அந்தப் பக்கத்து ஆட்கள் இல்லை. மூடினால் மூடலாம்.

சிவஞானம் அண்ணை கீழே இருந்து, "என்ன, ஏதும் பிரச்சினையோ?" என்றார். பெயிண்ட் காணாது, வாங்கி வரச் சொல்கிறார்கள் என்றேன்.

அப்பா செத்துப்போனார். இங்கேயாவது எழுதி வைக்கிறேன். இந்தப் பையை ஒருவரும் திறப்பதில்லை.

மே 25, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் நிரோசன் வீடியோ அனுப்பினான். கட்டி முடிக்காத வீட்டின் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். நாலு நிமிடம். நிரோசன் மொட்டை அடித்து, குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றினான். நான் சுற்ற வேண்டியது. தேதி ஒன்றும் அதில் தெரியவில்லை என்பதைத்தான் முதலில் பார்த்தேன். பெற்ற தகப்பன் எரிகிறார், நான் தேதி தெரிகிறதா என்று பார்க்கிறேன். என்னை என்ன செய்தால் தகும்?

பிறகுதான் அழுகை வந்தது. சுவர் ஈரமாக இருந்தது, சாயவும் முடியவில்லை.

மாலை வீட்டுக்குப் போனால் மீன் குழம்பு. சாவுத் துடக்கு வீட்டில் மீன் ஏது. வயிறு சரியில்லை என்று மோர் குடித்தேன். அம்மா இரண்டு துண்டு எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார். பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 26, வெள்ளி

இருபத்தொன்பதாம் தேதி அப்பா வர மாட்டார் என்று எப்படியும் சொல்லித்தானே ஆக வேண்டும். விசாவைச் சாட்ட முடியாது, பாஸ்போர்ட்டையே காட்டிவிட்டார். காய்ச்சல் என்றால் அம்மா உடனே முகத்தைப் பார்க்க வேண்டும் என்பார். நேற்று முழுக்க யோசித்து ஒரு பொய் செய்தேன். குழாயடியில் நின்ற அம்மாவிடம் போய், "அப்பா கதைச்சவர். முதலாம் தேதிதான் காணி வழக்குத் தவணையாம். போகாட்டிக் காணி கையை விட்டுப் போயிடுமாம். வரேலாதாம்," என்றேன்.

அம்மா குடத்தைக் கீழே வைத்தார். சுற்றி ஏழெட்டுப் பெண்கள்.

"மகளின்ர கலியாணத்தைவிட அந்தக் காணியோ பெரிசு?"

"அம்மா, மெதுவா."

"என்ன மெதுவா? எட்டு வருசம் நான் தனியக் கிடந்து இந்தப் பிள்ளையைக் கரை சேர்க்கப் பாடுபடுறன். ஒரு நாள். ஒரே ஒரு நாள் வந்து தாரை வார்த்துட்டுப் போகேலாதோ? அந்தக் காணிக்குள்ளயே கிடந்து சாகட்டும் அந்த மனிசன். இனி எனக்கொரு மனிசன் இல்லை. எடுத்தாலும் நான் கதைக்க மாட்டன்."

பவளம் மாமிகூட, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன கதை இது, மலர்," என்று அதட்டினார்.

பேச மாட்டேன் என்று அம்மா சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. எழுதவே கை கூசுகிறது. இனி ஃபோனை எடு, அப்பாவைக் காட்டு என்று கேட்க மாட்டார்.

மே 27, சனி

மணவறைக்கு இரண்டாவது கோட். ஊதா நன்றாகத்தான் இருக்கிறது, துசாவிடம் சொல்லவில்லை.

மதியம் நிரோசன் பதற்றத்தோடு அழைத்தான். துக்கம் தாங்காமல் அப்பாவின் படத்தை விளக்கோடு வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டானாம். அரை மணி நேரத்தில் ஞாபகம் வந்து எடுத்துவிட்டானாம். விசரா உனக்கு என்று கத்தினேன். "கொஞ்சப் பேர்தான் பார்த்தவை அண்ணை," என்றான். பார்த்தவர்களின் பெயரை வாசிக்கட்டுமா என்றான்.

வேண்டாம் என்றேன். வேலை கிடக்கிறது.

மே 28, ஞாயிறு

அப்பா அழைக்கும் நேரத்துக்கு அம்மா வேண்டுமென்றே மா இடிக்க உட்கார்ந்தார். உலக்கை போடும் போடுக்கு ஒரு திட்டு. காணிக்காரன் என்று அப்பாவுக்குப் பெயர் வைத்தாயிற்று.

துசா தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள். "காணும் அம்மா. அப்பாவை ஒண்டும் சொல்லாதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

"ஏன், உனக்கு வராதவர்தானே. நீயல்லோ திட்ட வேணும்."

அவள் துருவலகையை மீண்டும் பிடித்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கலியாணப் பெண் அழுவது வழக்கம்தான். நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை. மாலையில் நான் கொட்டகைக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். என்ன என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. நீ மெலிஞ்சு போனாய் அண்ணா."

அப்பா எப்போது எடுப்பார் என்று ஞாயிறு தவறாமல் கேட்பவள், இன்று கேட்கவில்லை. அம்மாவுக்குப் பயந்திருப்பாள்.

மே 29, திங்கள்

திருச்சிக்குப் போகவில்லை.

மே 31, புதன்

இன்று எட்டாம் நாள். அங்கே எட்டுச் செலவு. அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்தோம் என்று நிரோசன் செய்தி அனுப்பினான். இங்கே கலியாணப் பலகாரம். பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு. முற்றம் முழுக்க எண்ணெய் வாசனை, பெண்களின் சிரிப்பு. அரியதரம் என்றால் அப்பா தட்டோடு காணாமல் போவார். ஒன்றை எடுத்துக் கோயில் பின்சுவரின் மேல் வைத்துவிட்டு வந்தேன். காகம் வந்ததா என்று நின்று பார்க்க நேரமில்லை, தோரணம் கட்ட ஆளில்லை.

திரும்பி வந்தபோது அந்தச் சுவரை நோக்கித் துசா போய்க்கொண்டிருந்தாள், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. விளக்குக்குத் திரி வைக்கப் போகிறேன் என்றாள்.

அப்பாவுக்குப் பதிலாக அம்மாவின் தம்பியும் அவர் மனைவியும் தாரை வார்க்கிறார்கள்.

ஜூன் 1, வியாழன்

முடிந்தது. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 2, வெள்ளி

பெண்ணின் சகோதரன்தான் எங்களில் தோழன். மாப்பிள்ளையை அழைத்து வந்து, கால் கழுவி, கை பிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டும். தகப்பன் செத்த துடக்கோடு நிற்கிறவன், கோயில் வாசலில் சுகிர்தனின் காலைக் கழுவினேன். பிள்ளையாரே, பாவம் வந்தால் எனக்கு வரட்டும், இவர்கள் இருவரையும் விட்டுவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கழுவினேன். "மச்சான், காலைத் தேய்ச்சே கரைச்சிடாதையும்," என்றான் அவன்.

சிவஞானம் அண்ணை தேவாரம் பாடினார். வேட்டிக் கரையில் வெள்ளை பெயிண்ட். தாலி கட்டும் நேரம் நான் ஸ்பீக்கரைத் தட்டினேன், கெட்டிமேளத்துக்கு நடுவில் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்து உர மூட்டைக்கு விளம்பரம் சொன்னது. கொட்டகையே சிரித்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, நெற்றி நிறையக் குங்குமம். அறுகரிசி போட்டு இருவரையும் வாழ்த்தினார். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்தபோது, செய்தது சரிதான் என்று ஒரு கணம் தோன்றியது.

துசா என் காலில் விழுந்தாள். எழுந்திருக்க நேரமாயிற்று. தூக்கிவிட்டேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வந்தாள். "முகத்தைத் துடை, மை கரையுது," என்றேன்.

ஜூன் 4, ஞாயிறு

நாலாம் சடங்கும் நல்லபடி. பவளம் மாமி தன் கையால் துசாவுக்கு மீன் பொரியல் ஊட்டிவிட்டார். துசா விழுங்கினாள்.

நாளைக் காலை அம்மாவிடம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். எப்போது என்றால், இன்று விடிய. எப்படி என்றால், நெஞ்சு வலி, அது உண்மையே. முகம் பார்க்க வேண்டும் என்றால், பெட்டியை மூடிவிட்டார்கள். வீடியோ கேட்டால், நாளைக்கு வரும். நிரோசனோடு மூன்று தரம் சரிபார்த்தாயிற்று.

ஜூன் 5, திங்கள்

அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். "அம்மா, நிரோசன் எடுத்தவன். இண்டைக்கு விடிய அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து..." மிச்சத்தைச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

நான் பதில் வைத்திருந்த கேள்வி ஒன்றைக்கூட அம்மா கேட்கவில்லை. கொஞ்ச நேரம் விளக்குமாறைப் பார்த்தார். பிறகு கையை ஓங்கித் தன் வாயில் அடித்தார்.

"இந்த வாய்தானே. சாகட்டும் எண்டு சொல்லிச்சுதே, இந்த வாய்தானே."

மறுபடி அடித்தார். உதடு வெடித்து ரத்தம் வந்தது. கையைப் பிடித்தேன், மற்றக் கையால் அடித்தார். "பத்து நாள் திட்டினன். கொண்டுட்டன். என்ர மனிசனை நானே வாயால கொண்டுட்டன்."

எல்லாவற்றையும் யோசித்தவன், இதை யோசிக்கவில்லை. காணி வழக்கு என்று பொய் சொன்னவன் நான். அந்தச் சொல்லை அம்மாவின் வாயில் வைத்தவன் நான். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

"அம்மா, நீங்கள் சொல்லிச் சாகேல்லை. அதுக்கு முன்னமே போயிட்டார். நீங்கள் சொன்னது வெள்ளிக்கிழமை. அவர் செத்தது புதன்கிழமை. பொன்னுருக்கி மூண்டாம் நாள். வழக்கு கிழக்கு ஒண்டுமில்லை, எல்லாம் நான் சொன்ன பொய். அவர் வாறதுக்கு உடுப்பு அடுக்கி வைச்சிருந்தவராம்."

அம்மா அடிப்பதை நிறுத்தினார். விரலை மடக்கி எண்ணினார்.

"அப்ப நான் செத்த மனிசனையோ திட்டினனான்?"

"ஓம் அம்மா."

"கலியாணத்தண்டைக்குப் பூ வைச்சனான்."

"ஓம்."

"சிரிச்சனானே தம்பி. எல்லாரும் பார்க்கச் சிரிச்சனானே."

அடிப்பார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா எழுந்து குடத்துத் தண்ணீரில் வாயைக் கழுவினார்.

"பவளத்துக்குத் தெரியுமோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"துசாவுக்கு?"

"தெரியாது."

"தெரியக் கூடாது. இண்டைக்கு விடியத்தான் செத்தவர். விளங்குதோ? நீ என்னட்டைச் சொன்னதை இதோட மறந்துவிடு."

"அம்மா, சனம் உங்களைத்தான் சொல்லும். குழாயடியில எல்லாரும் கேட்டவை."

"சொல்லட்டும்," என்றார் அம்மா. "அவளைச் சொல்லாட்டிக் காணும்."

கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பொட்டைத் தானே அழித்தார். தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனார். லைன் முழுக்கக் கேட்கும்படி, "என்ர வாயால கொண்டுட்டனே, என்ர மனிசனை நானே கொண்டுட்டனே" என்று விழுந்து அழத் தொடங்கினார். நாலா பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள்.

ஜூன் 6, செவ்வாய்

கண்ணீர் அஞ்சலி அறிவிப்பை நான்தான் எழுதினேன். மறைவு 5.6.2023. என் கையெழுத்து நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். கோயில் மதிலில் நானே ஒட்டினேன்.

துசா நேற்று முழுக்க அம்மாவின் மடியில் கிடந்தாள். எப்போது, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிர்ச்சியாக இருக்கும்.

அம்மா நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதடு வீங்கியிருக்கிறது. வந்த பெண்கள் கட்டிப் பிடித்து அழுதார்கள். அழுதுவிட்டு வெளியே போய் வேப்ப மரத்தடியில் என்ன பேசினார்கள் என்பதும் காதில் விழுந்தது. சொல்லுக்குப் பலம் இருக்கு, வெள்ளிக்கிழமை சொன்ன சொல்லு, கரிநாக்கு. நான் எழுந்தேன். அம்மா என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

மதியம் பவளம் மாமி வந்தார். நேரே துசாவிடம் போய், பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிவிட்டார். அடுத்த அறை என்ற ஒன்று எங்கள் வீட்டில் கிடையாது. இரண்டு முழம் தள்ளித்தான் அம்மா சுவரில் சாய்ந்திருந்தார்.

"அழாதை பிள்ளை. உன்ர ராசி நல்ல ராசி. கலியாணம், நாலாம் சடங்கு எல்லாம் முடியிற வரைக்கும் அந்த மனிசன் உயிரைப் பிடிச்சு வைச்சிருந்திருக்கிறார், பார். ஒருத்தரும் உன்னில ஒரு குறை சொல்லேலாது. எல்லாம் உன்ர அம்மாவின்ர வாய் செய்த வேலை."

துசா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அம்மா இல்லை என்று மெல்லத் தலையை ஆட்டினார். துசா மறுபடி மாமியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, ஒரு வாய் தேத்தண்ணி தா," என்றார்.